கறுப்பு வெள்ளையில் ஒரு கொலை: க்ளூஸோவும் வீணை பாலசந்தரும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் வழியில், சேத்தூரைத் தாண்டினால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள சிவனுக்குப் பெயர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. பெயரிலேயே ஒரு த்ரில்லர் கதை இருப்பதைக் கவனித்தீர்களா? பாண்டியனிடம் நட்பாக இருப்பதுபோல நடித்த சோழன் ஒருவன், நஞ்சு தடவிய பட்டாடை ஒன்றை அன்பளிப்பாக அனுப்புகிறான். அதை உடுத்தினால் பாண்டியன் செத்தான். ஆனால் இறைவன் குறுக்கிட்டுக் காப்பாற்றிவிடுகிறார். தலபுராணம் சொல்லும் கதை இவ்வளவுதான்.

இந்தக் கதையைக் கேட்கும்போது நெஞ்சு எங்கே படபடக்கிறது என்று பாருங்கள். ஆடையில் விஷம் இருப்பது நமக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. அவன் கை ஆடையை நோக்கிப் போகிறது... அந்த இடம்தான். ஹிட்ச்காக் இதே விஷயத்தை மேஜைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டை உதாரணம் காட்டி ஃபிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கினார். குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்குச் சில நொடி அதிர்ச்சி மட்டும் கிடைக்கும். குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, மேஜையில் இருப்பவர்களைச் சாவகாசமாக அரட்டை அடிக்க விட்டால் கால் மணி நேரத் தவிப்பு கிடைக்கும். அவர்கள் பேசியது 1962இல். தேவதானத்துக் கதை அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியது.

சரி, விஷயத்துக்கு வரலாம். இந்தத் தவிப்பைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு கலையாகவே ஆக்கியவர்களில் ஃபிரெஞ்சுக்காரர்களுக்கு முக்கியமான இடம் உண்டு. ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம் என்ற பெயரே அவர்கள் வைத்ததுதான். போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஃபிரான்சுக்குள் அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்ததும் அவை மொத்தமாக வந்து இறங்கின. 1946இல் நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அவற்றைப் பார்த்துவிட்டு, இவற்றில் ஏதோ ஓர் இருட்டு இருக்கிறதே என்று இந்தப் பெயரால் அழைத்தார். அதே இருட்டில் ஃபிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே தாங்களும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ. 1943இல் அவர் எடுத்த படம் ‘லெ கோர்போ’. அண்டங்காக்கை என்று பொருள். ஒரு சிறிய ஊர். அங்கே யாரோ ஒருவர் ‘அண்டங்காக்கை’ என்று கையெழுத்திட்டு மொட்டைக் கடிதம் போட ஆரம்பிக்கிறார். இந்த டாக்டருக்கு அவளோடு தொடர்பு, அந்த அதிகாரி பணத்தைக் கையாடினார் என்று ஊரின் அசிங்கங்கள் எல்லாம் தபாலில் வருகின்றன. ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறது. இது வெறும் கற்பனையும் இல்லை. 1917 முதல் 1922 வரை தூல் என்ற ஃபிரெஞ்சு நகரம் இப்படியான மொட்டைக் கடிதங்களால் ஆட்டம் கண்டது.

படத்தில் ஒரு காட்சி. வயதான டாக்டர் ஒருவர், கூரையிலிருந்து தொங்கும் விளக்கை ஆட்டிவிடுகிறார். வெளிச்சம் இந்தப் பக்கம் போனால் இருட்டு அந்தப் பக்கம், திரும்பி வந்தால் நேர்மாறு. நல்லது எது, கெட்டது எது, இரண்டுக்கும் எல்லை எங்கே என்று கேட்கிறார். இளைய டாக்டர் அந்த விளக்கைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்து விரலைச் சுட்டுக்கொள்கிறார். இந்தக் காட்சி கலர் படத்தில் பாதி சத்துகூடத் தேறாது. வெளிச்சமும் இருட்டும் தவிர வேறு எதுவுமே கண்ணில் படக்கூடாத காட்சி அது.

இந்தப் படத்தால் க்ளூஸோ பட்ட பாடு தனிக் கதை. படத்தைத் தயாரித்த காண்டினெண்டல் நிறுவனம் ஜெர்மானியர் நடத்தியது. எனவே எதிர்ப்பு இயக்கத்துக்காரர்கள் ‘ஃபிரெஞ்சு மக்களைக் கேவலமாகக் காட்டி எதிரிக்கு உதவுகிறான்’ என்றார்கள். மறுபக்கம், ஒருவரைப் பற்றி ஒருவர் ரகசியமாகக் காட்டிக்கொடுப்பதை நம்பித்தான் ஆக்கிரமிப்பு ஆட்சியே நடந்துகொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தையே அசிங்கமாகக் காட்டும் படம் அவர்களுக்கும் இனிக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு க்ளூஸோவுக்குப் படம் எடுக்கத் தடை விழுந்தது. 1947இல்தான் ‘கே தெஸ் ஒர்ஃபேவ்ர்’ என்ற துப்பறியும் படத்தோடு திரும்பி வந்தார். அதற்கு வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் வாங்கினார்!

இப்போது அதே 1943ஐ சென்னையில் பாருங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள், அடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். சொந்த ஊர் என்று ஒன்று இருந்தவர்கள் எல்லாம் ரயிலேறினார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல எல்லோரும் திரும்பி வந்தார்கள். பிறகு 1943 அக்டோபர் 12 அன்று, உண்மையாகவே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. சேதம் பெரிதாக இல்லை. பயம் மட்டும் பெரிதாக இருந்தது.

அந்தக் குண்டு விழுந்த இரவைப் பிடித்துக்கொண்டுதான் தமிழின் மிகச் சிறந்த கறுப்பு வெள்ளை த்ரில்லர் தொடங்குகிறது. ‘அந்த நாள்’, 1954 ஏப்ரல் 13 அன்று வெளியானது. தயாரிப்பு ஏ.வி.எம்., கதையும் இயக்கமும் எஸ்.பாலசந்தர், வசனம் ஜாவர் சீதாராமன், ஒளிப்பதிவு எஸ்.மாருதி ராவ்.

பாலசந்தரை இன்று பெரும்பாலோர் வீணை வித்வானாகத்தான் அறிவார்கள். 1982இல் பத்ம பூஷண் பெற்றவர். ஆனால் அவர் 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்திலேயே சிறுவனாகத் தலைகாட்டியவர். நடிப்பு, இசை, இயக்கம் எல்லாவற்றையும் செய்து பார்த்தவர். 1951இல் வெனிஸில் தங்க சிங்கம் வாங்கிய குரோசாவாவின் ‘ராஷோமான்’ படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்துவிட்டு ஆடிப்போனார். ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் அந்த உத்தியை வைத்து ஒரு கதை எழுதினார். முதலில் வானொலி நாடகமாகக் கொடுத்துப் பார்த்தார் என்றும் வானொலி ஏற்கவில்லை என்றும் சொல்வார்கள். அப்புறம் அது மெய்யப்பச் செட்டியாரிடம் போய்ச் சேர்ந்தது.

படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? கதாநாயகன் சாகிறான். அதுவும் யார், சிவாஜி கணேசன்! ‘பராசக்தி’ வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ‘மனோகரா’ வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சிவாஜியின் வசனத்தைக் கேட்கத் தியேட்டருக்கு வந்து உட்கார்ந்த ஜனங்களுக்கு முதல் ரீலிலேயே அவர் சுடப்பட்டு விழுவதைக் காட்டினால் எப்படி இருந்திருக்கும்?

செத்தவன் ராஜன், ரேடியோ இன்ஜினீயர். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக வசனகர்த்தா ஜாவர் சீதாராமனே நடித்தார். அவர் வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். மனைவி உஷா (பண்டரிபாய்), தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை, ராஜனோடு தொடர்பிருந்த அம்புஜம். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொரு கதையிலும் கொலைகாரர் மாறுகிறார். கூடவே ராஜனும் மாறுகிறான். ஒருவர் பார்வையில் அவன் கறாரான அண்ணன், இன்னொருவர் பார்வையில் ஏமாற்றுக்காரன். க்ளூஸோவின் ஆடும் விளக்கு மாதிரிதான். வெளிச்சம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு ராஜன் தெரிகிறான்.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். கொலை செய்தது யார் என்பது மட்டும் இங்கே எங்கும் எழுதப்படாது, பயம் வேண்டாம்.)

ராஜன் ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவான ரேடியோ ஒன்றைச் செய்கிறான். அரசாங்கம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. திறமைக்கு மதிப்பில்லாத நாடு என்று மனம் கசந்தவன், நாட்டின் ரகசியங்களை ஜப்பானியருக்கு விற்கிறான். குண்டு போட வரும் விமானத்துக்கு வழி சொல்பவன் நம் கதாநாயகன்தான்! சுதந்திரம் கிடைத்து ஏழே வருடம் ஆன நாட்டில், தேசபக்திப் பாட்டு இல்லாமல் படமே ஓடாது என்றிருந்த காலத்தில், சிவாஜியைத் தேசத்துரோகியாகக் காட்டிய துணிச்சலை என்னவென்று சொல்வது! அவனை வெறும் பூச்சாண்டியாகவும் காட்டவில்லை. அவன் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எந்த இடத்தில் துரோகமாகத் திரிந்தது என்று கண்டுபிடிப்பது கொலைகாரரைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். மனைவி உஷா தேசபக்தை. அந்த வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி சண்டையும் உலகப் போரும் ஒன்றாகிவிடுகின்றன. ‘லெ கோர்போ’வில் ஊர் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது, இங்கே ஒரு மனிதன் ஊரைக் காட்டிக்கொடுக்கிறான். இரண்டு படத்திலும் ஆபத்து வாசல் வழியாக வரவில்லை, வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று 1943இல் எடுத்தது, மற்றது 1943ஐப் பற்றி எடுத்தது.

இந்த வேடத்துக்கு முதலில் சிவாஜி இல்லை. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த நாடக நடிகர் என்.விஸ்வநாதனை வைத்துப் படத்தின் பெரும்பகுதியை எடுத்தார்கள். செட்டியாருக்குத் திருப்தி இல்லை. சிவாஜியை வைத்துத் திரும்ப எடுக்கலாம் என்றார். எடுத்ததைத் தூக்கிப் போடுவதா என்று பாலசந்தர் முரண்டு பிடித்திருக்கிறார். கடைசியில் செட்டியார் சொன்னதே நடந்தது. இன்று பார்க்கும்போது செட்டியார் செய்ததே சரி என்று தோன்றுகிறது. பெயர் தெரியாத நடிகர் துரோகியாக வந்தால் யாருக்கும் வலிக்காது.

இந்தப் படத்தின் பெரிய கலகம் வேறு இடத்தில் இருக்கிறது. படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். எடுத்தவர் ஒரு சங்கீத வித்வான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இசையமைப்பாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது, பின்னணி இசை மட்டும் ஏ.வி.எம்.மின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழு வாசித்தது.

அந்தக் காலத்தில் படத்துக்குப் போவது என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இதன் வீரியம் புரியும். ராஜபாளையம் மாதிரி ஊர்களில் நிரந்தரத் தியேட்டர், சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு டூரிங் டாக்கீஸ். மணலைக் குவித்து மேடாக்கி உட்காரலாம். ஒரே புரொஜக்டர் என்றால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, முறுக்கு, சோடா. வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அதை வாங்கி வந்து வீட்டில் பாடிப் பார்ப்பார்கள். அடுத்த ஊருக்குப் படம் போகும் முன்பே பாட்டு போய்விடும். அதுதான் விளம்பரம். 1944இல் வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்றால் அதற்குக் காரணம் பாட்டுதான். ‘அந்த நாள்’ படத்துக்கு எந்தப் பாட்டை அச்சடிப்பது?

படம் முதலில் ஓடவில்லை. பாட்டு எங்கே, டான்ஸ் எங்கே என்று ஜனங்கள் கோபப்பட்டார்கள். இத்தனைக்கும் அதே 1954 ஏப்ரல் 13 அன்று சிவாஜி நடித்த இன்னொரு படமான ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’யும் வெளியானது. சிரிக்க வைக்கும் படம். தமிழ் வருடப் பிறப்புக்குக் குடும்பத்தோடு படம் பார்க்க வருபவர் எதற்கு டிக்கெட் எடுப்பார்? பிறகு தேசிய விருதுகளில் அந்த வருடம் தமிழில் ‘மலைக்கள்ளன்’ வெள்ளிப் பதக்கம் வாங்க, ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது. திரும்ப வெளியிட்டபோது கொஞ்சம் கவனம் கிடைத்தது.

இதே நேரத்தில் ஃபிரான்சில் நிலைமை எப்படி? 1955 ஜனவரியில் க்ளூஸோவின் ‘லெ தியாபோலிக்’ வந்தது. ஒரு பள்ளிக்கூடம். கொடுமைக்காரத் தலைமை ஆசிரியர். அவனுடைய மனைவியும் ஆசைநாயகியும் சேர்ந்து அவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொன்று, உடலைப் பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் போடுகிறார்கள். சில நாள் கழித்துக் குளத்தை வற்ற வைத்தால் உடலைக் காணோம். செத்தபோது அவன் போட்டிருந்த சூட் சலவைக் கடையிலிருந்து பளிச்சென்று வெளுத்து வருகிறது. (தேவதானத்துப் பட்டாடை நினைவுக்கு வரவில்லை?) இதிலும் பாட்டு கிடையாது. அது மட்டுமா, முதலிலும் கடைசியிலும் தவிர படம் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. தண்ணீர் சொட்டும் சத்தம், கதவு கிறீச்சிடும் சத்தம், செருப்புச் சத்தம். அவ்வளவுதான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. முடிவை நண்பர்களிடம் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள் என்று படத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோளும் போட்டார்கள். பலவீனமான இதயம் கொண்ட மனைவியாக நடித்த வெரா, க்ளூஸோவின் நிஜ மனைவி. 1960இல் அவர் மாரடைப்பால்தான் இறந்தார்.

அதே 1955இல் ஜூல்ஸ் டாசின் எடுத்த ‘ரிஃபிஃபி’ படத்தில் நகைக்கடைக் கொள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம் நடக்கிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லை, துளி இசை இல்லை. மூச்சு விடவே பயமாக இருக்கும். பாட்டு ஒரு வகையில் பார்வையாளருக்குக் கிடைக்கும் விடுமுறை. ‘சரி, இப்போது யாரும் சாகமாட்டார்கள்’ என்று சாய்ந்து உட்காரலாம். அந்த விடுமுறையை ரத்து செய்தால்தான் பயம் கூடும். பாலசந்தர் கண்டுபிடித்ததும் இதைத்தான். பாரிஸ்காரனுக்கு அது புதிதாக இருக்கவில்லை, நம் ஊர்க்காரருக்கு டிக்கெட் காசு பாதி போனதுபோல இருந்தது. ஜனங்களைக் குறை சொல்லவும் முடியாது. வருடத்துக்கு நாலு படம் பார்க்கிறவர் பாட்டை எதிர்பார்ப்பது நியாயம்தானே?

கறுப்பு வெள்ளை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அது யாரும் ரசித்துத் தேர்ந்தெடுத்தது இல்லை, கையில் இருந்தது அதுதான். தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்ததே 1956இல். ஆனால் கையில் இருந்ததை வைத்து மாருதி ராவ் செய்த வேலையைப் பாருங்கள். ஜன்னல் கம்பியின் நிழல் முகத்தில் விழுகிறது, பாதி முகம் தெரிகிறது, மீதி தெரியவில்லை. பொய் சொல்கிறவர் முகத்தில் எந்தப் பாதியை நம்புவது? பாரிஸில் லூயி மால் 1958இல் எடுத்த ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’ படத்தில் ழான் மொரோ இரவில் தெருத் தெருவாகக் காதலனைத் தேடி நடப்பார். தனி விளக்கே போடாமல், கடைக் கண்ணாடிகளின் வெளிச்சத்தில் மட்டும் ஆன்ரி தெக்கே அதைப் படம்பிடித்தார். பின்னணியில் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட். படத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே ஒரே இரவில் வாசித்தது அது.

இந்த லூயி மால் 1968இல் சென்னைக்கே வந்தார். இந்தியாவைப் பற்றி அவர் எடுத்த ஆவணத் தொடரில் சென்னைக்கு ஒரு பகுதி முழுவதும் உண்டு. ஸ்டூடியோவுக்கும் போனார். அங்கே அவர் காமிரா பிடித்தது ‘தில்லானா மோகனாம்பாள்’ படப்பிடிப்பை. கலர் படம், பத்மினி நடனம், சிவாஜியின் நாதஸ்வரம்! ஃபிரெஞ்சு இருட்டுப் படக்காரர் தமிழ் சினிமாவில் கண்டது வெளிச்சத்தை மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் நின்றவரே பதினாலு வருடத்துக்கு முன்னால் இருட்டில் சுடப்பட்டு விழுந்தவர்.

பாலசந்தர் சும்மா இருக்கவில்லை. 1962இல் ‘அவனா இவன்’. 1964இல் ‘பொம்மை’. அதில் ஒரு தொழிலதிபரைக் கொல்வதற்காகப் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். அந்தப் பொம்மை கைதவறிப் போய், ஒவ்வொருவர் கையாக மாறி ஊரைச் சுற்றுகிறது. ஹிட்ச்காக்கின் மேஜைக் குண்டுக்குக் கால் முளைத்த மாதிரி! இந்த முறை பாட்டு வைத்தார். யேசுதாஸ் குரல் தமிழில் ஒலிக்கத் தொடங்கிய படங்களில் ஒன்று அது. அதே வருடம் சிவாஜியின் ‘புதிய பறவை’ கலரில் வந்தது. அதுவும் சஸ்பென்ஸ்தான், ஆனால் எல்லோருக்கும் இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அதன் பாட்டுகள். பிறகு 1970இல், அகதா கிறிஸ்டியின் கதையைத் தழுவிய ‘நடு இரவில்’. தனித்த ஒரு மாளிகையில் கூடிய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சௌகார் ஜானகி, சோ, மேஜர் சுந்தரராஜன் என்று பெரிய கூட்டம். ஊரெல்லாம் கலருக்குப் போய்க்கொண்டிருந்தபோது இது கறுப்பு வெள்ளையில் வந்தது.

அதோடு அவர் படம் இயக்குவதை விட்டுவிட்டு வீணையோடு இருந்துவிட்டார். 1990இல் கச்சேரிக்காகப் போன இடத்தில், பிலாயில், இறந்தார். பாட்டில்லாத படத்துக்கு அடுத்தவர்கள் வர வெகு காலம் பிடித்தது. இந்தியில் ‘கானூன்’ 1960லும் ‘இத்தஃபாக்’ 1969லும் வந்துவிட்டன. தமிழில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல், கமலின் ‘குருதிப்புனல்’ 1995இல், பார்த்திபனின் ‘ஹவுஸ்ஃபுல்’ 1999இல். ஒரே கதையை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொல்லும் ‘விருமாண்டி’ 2004இல் வந்தபோது பத்திரிகைகள் எல்லாம் ‘ராஷோமான்’ என்று எழுதின. ஐம்பது வருடத்துக்கு முன்னால் வடபழனி ஸ்டூடியோவில் ஒருவர் அதைச் செய்து, கைசுட்டுக்கொண்டு போயிருந்தார்.